கொம்பு நிறையச் சோளமுடிக் கஷாயம்

பிக்ரியாவுக்கு வயிறு பற்றி எரிந்தது. எரியாதா பின்னே? புருஷன் அமிரானைக் கஷாயம் கொடுத்தே கொன்றவள் என்று சொந்தக் கொழுந்தன் ஜெமாலே ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான். குத்தாயிசி ஊர்ச் சந்தையில் அவள் மூலிகைக் கடைப்பக்கம் ஒரு ஈ காக்கா எட்டிப் பார்ப்பதில்லை. சோளக்கதிர் முடியும் பார்ஸ்லி வேரும் கட்டுக்கட்டாகக் கிடந்தன.

நடந்தது அவளுக்கல்லவா தெரியும்! இதயம் தளர்ந்து அமிரானுக்குக் கால் இரண்டிலும் நீர் கோத்தது. சோளமுடி கொதிக்கவைத்துக் கொடுத்தாள், கொஞ்சம் நீர் பிரிந்தது. மூச்சு முட்டியதும் ஜெமாலுக்குப் போன் போட்டாள். "இது கஷாயத்துக்கு அடங்காது தம்பி, ஆஸ்பத்திரிக்குப் போகணும், காரை எடுத்துட்டு வா."

"இதோ வர்றேன் அண்ணி" என்றான் பாவி. கல்யாண விருந்தொன்றில், ஒவ்வொருவர் பேருக்கும் வாழ்த்துச் சொல்லி எல்லோரையும் ஒயின் குடிக்கவைக்கும் மேசைத் தலைவனாக உட்கார்ந்திருந்தான். வாழ்த்தெல்லாம் சொல்லி முடிக்குமுன் தலைவன் எழுந்தால் மானம் போய்விடுமாம். அண்ணன் உயிர் போகலாமாம்! அவன் வரவேயில்லை.

சில மாதம் கழித்துப் பக்கத்து வீட்டு வானோவின் பேரனுக்கு ஞானஸ்நான விருந்து. அதற்கும் ஜெமால்தான் தலைவன். இறந்தவர்களுக்கான வாழ்த்து வந்ததும், பிக்ரியா ஒயின் குடிக்கிற பெரிய மாட்டுக்கொம்பை நிறைத்துக்கொண்டு அவன்முன் போய் நின்றாள்.

"உங்க அண்ணன் பேருக்கு, தம்பி."

"என்ன அண்ணி, ஒயின் வாசனையே காணோம்?"

"அவரைக் கொன்ன அதே கஷாயம். கொஞ்சம் கெட்டியா காய்ச்சியிருக்கேன். ஏன், பயமா இருக்கா?"

மேசை முழுக்க அவனையே பார்த்தது. செத்தவன் பெயருக்கு நீட்டிய கொம்பை வேண்டாமென்று எப்படிச் சொல்வது? காலியாகாமல் கீழே வைக்கவும் கூடாது. மடமடவென்று குடித்தான்.

"விஷம்னு தெரிஞ்சவன் இப்படியா குடிப்பான்?" என்றார் வானோ.

அடுத்தடுத்த வாழ்த்துகளில் ஜெமாலுக்கு நாக்குக் குழறியது. நெற்றி வியர்த்தது, கால்மேல் கால் போட்டு நெளிந்தான். சுருக்கமாக முடிக்கப் பார்த்தபோதெல்லாம் பிக்ரியா விடவில்லை. "குழந்தையோட பாட்டனாரைப் பத்திச் சொல்லலையே! அவரோட அப்பாவைப் பத்தி?" அவளுக்கு உள்ளூர அத்தனை ஆனந்தம். சாகட்டும், தவிக்கட்டும் என்றே நினைத்தாள்.

கடைசியில் கெஞ்சினான். "அண்ணி, உங்க காலைப் பிடிச்சுக்கிறேன், இந்த இடத்துல வேற ஆளை உக்கார வையுங்க."

"வைக்கிறேன். உங்க அண்ணன் எதனால செத்தார்னு சொல்லிட்டுப் போ. சத்தமா."

"கஷாயத்தால இல்ல! நான் காரை எடுத்துட்டு வரல. மேசையை விட்டு எந்திரிக்க மனசு வரல. போதுமா?"

நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினான். வாசலைத் தாண்டுவதற்குள் கால்சட்டை நனைந்துவிட்டது. யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள்.

வானோ மெல்லக் கேட்டார். "அவன் வரமாட்டான்னு அமிரானுக்குத் தெரியுமா?"

"எங்க தெரியும்? ஒவ்வொரு கார் சத்தத்துக்கும், 'தம்பி வந்துட்டான், என் சட்டையை எடு'ன்னுதான் சொல்லிக்கிட்டே இருந்தார்" என்றாள் பிக்ரியா.