மாடிக்குப் போகச் சொன்னது நான்

அவளை மாடிக்குப் போகச் சொன்னது நான்தான்!

மேற்கே மின்னல் வெட்டிக்கொண்டிருந்தபோது, இடிச்சத்தம் நெருங்கிக்கொண்டிருந்தபோது, "போ, போய் வீடியோ எடு" என்று சொன்னவன் நான். அவள் தானாகப் போனாள் என்று அவள் வீட்டார் நம்புகிறார்கள். ஊர் நம்புகிறது. என் வானிலைப் பக்கத்தைத் தினமும் படிக்கிற நீங்களும், செய்தி காதில் விழுந்திருந்தால், அப்படித்தான் நம்பிக்கொண்டிருப்பீர்கள். இல்லை... நான்தான்.

என்னை உங்களுக்குத் தெரியும். அருப்புக்கோட்டையில் தார்ப்பாயும் கயிறும் சாக்கும் விற்கிற கடைக்காரன். மழை வருமென்று நான் எழுதினால், "அண்ணாச்சி கடைக்குப் புதுத் தார்ப்பாய் லோடு வந்திருச்சு போல" என்று கீழே கேலி எழுதுகிறவர்களும் நீங்கள்தான். எழுதுங்கள், எனக்கொன்றும் வருத்தமில்லை. நான் சொன்ன மழை எத்தனை முறை சொன்னபடி வந்தது என்பதும் உங்களுக்குத் தெரியுமே! அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவே மேகத்தின் போக்கை என்னைப் போலக் கணிக்கிறவன் இன்னொருவன் இல்லை. தற்பெருமைதான். குற்றத்தை ஒப்புக்கொள்ள உட்கார்ந்த இடத்திலும் அதைக் கைவிட எனக்கு மனமில்லை.

ராடார்கள் எங்களுக்கு வெகு தூரத்தில் இருக்கின்றன. படத்தில் ஒரு மஞ்சள் பொட்டாகத் தெரிவது தரையில் தூறலா, கொட்டித் தீர்க்கிற மழையா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ஊருக்கு ஒரு கண் வேண்டும். அதற்காகத்தான் வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்தேன். பாலவனத்தத்தில் ஒருவர், வீரசோழனில் ஒருவர் என்று ஆள் பிடித்தேன். ஆளுக்கொரு மழைமானி வாங்கிக் கொடுத்தேன். காலையில் அதைப் பார்த்து, எத்தனை மில்லிமீட்டர் என்று குழுவில் போடவேண்டும்.

மழை இல்லாத நாளிலும் போடவேண்டும்! அது எங்கள் குழுவின் சட்டம். சுழியமும் ஓர் அளவுதான். வானம் பார்த்த இந்தக் காட்டில் வருடத்தில் பெரும்பாலான நாள் சுழியம்தான், அதற்கு நாங்கள் வைத்த பெயர் முட்டை. காலையில் குழுவைத் திறந்தால் பாலவனத்தம் முட்டை, வீரசோழன் முட்டை என்று கோழிப்பண்ணைக் கணக்கு போல வரிசையாக இருக்கும். மழை பெய்த மறுநாள், "முட்டை உடைஞ்சிருச்சு அண்ணாச்சி!" என்று முதலில் போடுகிறவருக்கு அன்று முழுக்க ராஜமரியாதை.

முட்டை போடுவதில் யாருக்கும் நெடுநாள் ஆர்வம் நிற்பதில்லை. கோடையில் ஒவ்வொருவராக நழுவிவிடுவார்கள். நழுவாதவள் ஒருத்தி இருந்தாள்... செல்வி.

அது அவள் உண்மைப் பெயரில்லை. ஊரின் பெயரையும் சொல்லமாட்டேன். திருச்சுழிக்குத் தெற்கே ஒரு சின்ன ஊர், அவ்வளவு போதும். வீட்டில் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறவள். கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அவர்களுடைய பெற்றோர் காலம்வரை கூலிக்குக் களையெடுத்த குடும்பம், மொட்டை மாடி வைத்த வீடு அவர்கள் இருவரும் உழைத்துக் கட்டியது. ஒருநாள் கணவரோடு கடைக்கு வந்தவள், அவர் தார்ப்பாயை அளந்து பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், என் போனில் நகரும் ராடார் படத்தை எட்டிப் பார்த்தாள்.

"இது என்ன அண்ணாச்சி, நம்ம ஊரு மேல வருதா, ஒதுங்கிப் போகுதா?"

நான் விளக்கினேன். அவள் கேட்டாள், கேட்டாள், கேட்டுக்கொண்டே இருந்தாள். கணவர் தார்ப்பாயை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்று சிரித்தார். போகும்போது அவள் கையில் ஒரு மழைமானி இருந்தது.

அதன்பிறகு அந்த ஊரிலிருந்து அளவு வராத காலை கிடையாது. மேகம் எந்தப் பக்கம் திரண்டது, காற்று எப்போது திரும்பியது, மண்வாடை எப்போது வந்தது என்று மிஷினை நிறுத்திவிட்டு வந்து எழுதுவாள். "இவளுக்கு மழைக் கிறுக்குப் பிடிச்சிருச்சு" என்று மாமியார் முனகுவாராம். அதையும் சிரித்துக்கொண்டே குழுவில் போடுவாள். அவள் சந்தோஷமாக இருந்தாள். இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பின்னால் நான் எதைப் பறித்தேன் என்று புரிவதற்காகச் சொல்கிறேன்.

இனி அந்த நாள்...

மாநிலம் முழுவதும் உள்ள வானிலைப் பித்தர்களுக்கென்று ஒரு பெரிய குழு உண்டு. குற்றாலத்துப் பக்கத்து ஆள் ஒருவர் அதில் என்னைச் சீண்டிக்கொண்டே இருப்பார். அன்று காலை நான் அங்கே போட்ட எங்கள் முட்டை வரிசையைப் பார்த்துவிட்டு, "அந்த மழைமானிய எதுக்கு அண்ணாச்சி வீணா வச்சிருக்கீங்க, பேனா பென்சில் போட்டு வைக்கலாம்ல" என்று எழுதினார். எத்தனை பேர் சிரித்தார்கள்! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

மதியத்துக்குமேல் விருதுநகர்ப் பக்கம் மேகம் எழும்பியது. கோடை மழை. வாடிக்கையாளர் ஒருவர் கயிறு கேட்டு நிற்க, நான் போனைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. பாலவனத்தத்திலிருந்து ஒரு படம் வந்தது. ஐயோ, என்ன படம்! அடிவானத்தை மறைத்துக்கொண்டு, புழுதியை முன்னால் தள்ளிக்கொண்டு, சுவர் போல உருண்டு வருகிற மேகம். ஷெல்ஃப் கிளவுட் என்பார்கள். எங்கள் சீமையில் அதை அப்படி முழுசாகப் பார்த்தவர் குறைவு. ஆனால் படத்தில் பாதியை ஒரு மின்கம்பம் மறைத்திருந்தது. எனக்கு முழுசாக வேண்டும். வீடியோவாக வேண்டும். குற்றாலத்துக்காரர் வாயை அடைக்க வேண்டும்!

மேகம் திருச்சுழியை நோக்கிப் போனது. தடையில்லாமல் மேற்கே பார்க்க ஒரு மொட்டை மாடி எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியும். குழுவில் போடாமல் அவளுக்குத் தனியாகக் குரல் பதிவு அனுப்பினேன்.

"செல்வி, சட்டுனு மாடிக்குப் போ. மேக்கால பாத்து வீடியோ எடு. கை ஆடாம எடு."

உடனே அவள் குரலும் வந்தது. "இடி கிட்டக்க கேக்குதே அண்ணாச்சி. பயமா இருக்கு."

"அது இன்னும் ரொம்பத் தள்ளி இருக்கும்மா. மழை அங்க வர நேரமாகும். நான் சொல்றேன்ல, போ!"

நான் சொல்றேன்ல... இந்த ஒரு சொல்லுக்குத்தானே இந்த வட்டாரத்தில் விலை? நான் சொன்னால் தார்ப்பாய் போட்டு மிளகாயை மூடுகிறார்கள். நான் சொன்னால் விதைப்பைத் தள்ளிப்போடுகிறார்கள். நான் சொன்னேன் என்று அவள் மாடியேறினாள்.

மழை தள்ளி இருக்கும்போதே இடி விழும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். சத்தம் கேட்கிற தூரம் என்றாலே இடி விழக்கூடிய தூரம்தான். அதைப் படித்திருக்கிறேன், கடைக்கு வருகிறவர்களிடம் பேச்சோடு சொல்லியும் இருக்கிறேன். அறியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

வீடியோ வரவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு கேள்விக்குறி அனுப்பினேன். சற்றுப் பொறுத்து இன்னொரு கேள்விக்குறி. மேகம் கலைந்துவிடுமே என்று எரிச்சலோடு மூன்றாவதும்! அப்போது அவள் மாடியில் விழுந்து கிடந்தாள். வீட்டை ஒட்டி நின்ற பனைமரத்தில் இடி விழுந்திருந்தது. மரத்தின் கொண்டை எரிந்துகொண்டிருந்தது.

அவள் கணவர் அழுதுகொண்டே போன் செய்தார். நான் கடையை அப்படியே போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஓடுவதற்கு முன்... சொல்லிவிடுகிறேன்... என் குரல் பதிவுகளை அழித்தேன். கேள்விக்குறிகளையும் விடவில்லை. அவள் பிழைப்பாளா என்று தெரிவதற்கு முன்பே, இரண்டு போனிலும் இல்லாதபடி அழித்தேன். அவள் போன் மழையில் ஊறிச் செத்துப்போனது பிறகுதான் தெரிந்தது. அழித்திருக்கவே வேண்டியதில்லை!

அவள் பிழைத்தாள். இடது காது போய்விட்டது.

அவளுக்கு நினைவு தெளிந்ததும் வராந்தாவில் நின்ற எல்லோரும் கட்டிலைச் சூழ்ந்துகொண்டோம். மாமியார் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "இடி இடிக்கைல எந்தப் பொம்பளையாவது மாடிக்குப் போவாளா? யாருடி உன்னைப் போகச் சொன்னது?"

செல்வி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"நானாத்தான் போனேன் அத்தை" என்றாள்.

அந்தக் கணத்தில் நான் வாயைத் திறந்திருந்தால்? இரண்டே சொற்கள். நான்தான் சொன்னேன். திட்டியிருப்பார்கள், கணவர் சட்டையைப் பிடித்திருப்பார், இரண்டு நாளில் எல்லாம் தணிந்திருக்கும். நானோ வாங்கிப்போன ஆரஞ்சுப் பழங்களைக் கட்டிலோரம் வைத்துவிட்டு வந்தேன்.

மறுவாரத்திலிருந்துதான் இடி எச்சரிக்கை போட ஆரம்பித்தேன். உங்களுக்குப் பழக்கமான அதே எச்சரிக்கை... "இடிச்சத்தம் கேட்டால் மாடியில் நிற்காதீர்கள், மரத்தடிக்குப் போகாதீர்கள், உள்ளே வாருங்கள்." என் குரலிலேயே பேசிப் போட்டேன். அது பரவியது. பஞ்சாயத்து மைக்குகளில் ஒலித்தது. வீரசோழன் பக்கம் ஆடு மேய்க்கிற ஒருவர், என் எச்சரிக்கையைக் கேட்டு ஆடுகளை ஓட்டிவந்த பிறகு அவர் நின்ற வேப்பமரத்தில் இடி விழுந்ததென்று கடைக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டார். அந்த வேலையை நான் நன்றாகச் செய்கிறேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இனியும் செய்வேன்.

பல மாதம் கழித்துச் செல்வி கடைக்கு வந்தாள். காது பார்க்க டவுனுக்கு வந்தவள். வலது காது என் பக்கம் இருக்கும்படி சற்றுத் திரும்பி நின்றாள். குரல் முன்னைவிட உயர்ந்திருந்தது, அது அவளுக்குத் தெரியவில்லை.

"மழைமானியக் கழட்டிப் பரண்ல போட்டுட்டாக அண்ணாச்சி. புதுப் போனும் வாங்கித் தரமாட்டேங்காக. நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னா கேப்பாக."

என்ன வார்த்தை என்று அவள் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

"வாரேன்மா. ஞாயித்துக்கிழமை கண்டிப்பா வாரேன்" என்றேன். சொல்லிவிடுவது என்று உறுதியாகத்தான் பஸ் ஏறினேன். வழியெல்லாம் வாக்கியத்தை மனத்துக்குள் அடுக்கிக்கொண்டே போனேன். மொட்டையாகிப்போன பனை வீட்டோரம் நின்றிருந்தது.

கணவர் ஓடிவந்து நாற்காலி போட்டார். மாமியார் கையெடுத்துக் கும்பிட்டார். நான் பேச்சைத் தொடங்கினேன்.

"பாவம், ஆசைப்படுது. அந்த மழைமானிய மறுபடி வச்சுக்கட்டுமே..."

கணவர் குறுக்கிட்டார். கோபமில்லை அவரிடம், வருத்தம்தான் இருந்தது. "நீங்க எத்தனை தடவ சொல்றீக அண்ணாச்சி, இடி இடிச்சா மாடிக்குப் போகாதீகன்னு! ஊரே கேக்குது. இவ ஒருத்தி கேக்கலையே. எப்படி இவளை நம்பி விடச் சொல்றீக?"

நண்பர்களே, அந்த விபத்துக்கு முன் நான் ஓர் எச்சரிக்கைகூடப் போட்டதில்லை! எது முந்தியது, எது பிந்தியது என்று அவருக்கு நினைவில்லை. எனக்கு இருந்தது. காபித் தம்ளரோடு சமையலறை வாசலில் நின்றவளுக்கும் இருந்தது. அவள் வலது காதை எங்கள் பக்கம் திருப்பி, காத்துக்கொண்டிருந்தாள்.

நான் தலையாட்டினேன்.

"ஆமா... கொஞ்சம் கவனமா இருந்திருக்கணும்" என்று சொல்லவும் செய்தேன்!

ஏன்? பயமா? அந்த வீட்டில் என்னை என்ன செய்துவிடுவார்கள்? இல்லை, அதுவல்ல. நாற்காலி போட்ட அந்தக் கையும், கும்பிட்ட அந்தக் கையும் இறங்கிவிடுவதைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. அவ்வளவுதான். அதற்காக அவளை இரண்டாவது முறையும் அனுப்பிவைத்தேன், இந்த முறை அடுப்படிக்கு.

செல்வி வந்து தம்ளரை நீட்டினாள். "சீனி போதுமா அண்ணாச்சி?" என்று கேட்டாள். போதுமென்றேன். அதற்குப் பிறகு அவள் என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

இதை உங்களிடம் சொல்லிவிட்டதால் பாரம் இறங்கியதா என்றால், இல்லை. உங்களிடம் சொல்வது எளிது. நீங்கள் அவள் மாமியார் இல்லை. பெயரை மாற்றினேன், ஊரை மறைத்தேன்... அவளைக் காப்பதற்கென்று நினைத்தீர்களா? பாதி பொய். பெயரைப் பார்த்து யாரும் இதை அந்த வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சொல்லிவிடக்கூடாதென்று எனக்காகவும்தான் மறைத்தேன். பஸ் இன்னமும் அதே நேரத்துக்குத்தான் அங்கே போகிறது. நான் ஏறவில்லை.

நேற்று மாலை நான் சொன்னபடியே மழை வந்தது. பாலவனத்தத்தில் தூறல், வீரசோழனில் நல்ல மழை. காலையில் குழுவில் முட்டை உடைந்த கொண்டாட்டம். நாளையும் மழை இருக்கிறது, மிளகாய் காயப்போட்டவர்கள் மதியத்துக்குள் மூடிவிடுங்கள். இடிச்சத்தம் கேட்டால் உள்ளே வந்துவிடுங்கள். என்னை நம்பலாம்.

திருச்சுழிக்குத் தெற்கே அந்த ஊரில் நேற்று எவ்வளவு பெய்ததென்று மட்டும் கேட்காதீர்கள். அங்கிருந்து இப்போது முட்டைகூட வருவதில்லை.