குப்புற மிதந்தவர்கள்

அன்று அங்கே இருந்தவர்கள்:

டில்லிபாபு. என்னோடு பள்ளியில் படித்தவன். படகு அவனுடையது.
கோகுல்நாத். நன்றாக நீந்துவான். ட்யூப் இழுப்பது அவன் வேலை.
அபிஷேக், கார்த்திகா. கல்யாணமாகி நான்கு மாதம். கோயம்புத்தூர்க்காரர்கள், முகப்பேரில் வாடகை ஃபிளாட்.
துலுக்கானம். கரையில் காவல்.
அப்புறம் நான், கௌதம்.

ஆறு பேர். சந்தேகம் இருந்தால் மற்ற ஐந்து பேரையும் போய்க் கேட்கலாம். கோகுல்நாத் மட்டும் பேச மாட்டான்.

நம்பாதவர்களோடு வாதாட எனக்குப் பொறுமை இல்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் நான்கு வருடம் நைட் ஷிஃப்ட் பார்த்து, முடியாமல் விட்டு வந்தவன் நான். தூக்கம் கெட்டவனுக்குக் கண் என்னென்ன காட்டும் என்று தெரியும். காலி நாற்காலியில் ஆள் உட்கார்ந்திருப்பான். அதையெல்லாம் பார்த்தாயிற்று. இது அப்படியல்ல. முந்தின இரவு ஏழு மணி நேரம் தூங்கியிருந்தேன். நடந்தது காலை ஒன்பது மணிக்கு. கண் கூசும் வெயிலில்.

போன பிப்ரவரி, ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூந்தமல்லிக்கும் மாங்காட்டுக்கும் இடையே ஒரு கல்குட்டை. சரியாக எங்கே என்று சொல்ல மாட்டேன். ஜல்லிக்காகப் பாறையை வெட்டிய பள்ளம். வெட்டு நின்றதும் ஊற்றும் மழையும் சேர்ந்து நிரம்பிவிட்டது. நடுவில் மட்டும் வெட்டாமல் விட்ட ஒரு பாறைத் திட்டு. அதைத்தான் டில்லிபாபு தீவு என்றான். அரை நாள் தீவுப் பயணம். படகு, நீச்சல், ஸ்நார்க்கெலிங், காலை டிபன். அனுமதி எதுவும் கிடையாது. விளம்பரம் போனில் மட்டும்.

வேலை இல்லாமல் வீட்டில் கிடக்கிறானே என்று என்னையும் கூப்பிட்டிருந்தான்.

“அந்தமானுக்கு ஃபிளைட்டு புடிச்சுப் போறானுங்க மாமே. அங்க கீற தண்ணிதான இங்கியும் கீது?”

“அங்க மீன் கலர் கலரா இருக்கும்டா.”

“இங்க ஜிலேபி மீனு கீது. வறுத்துத் துன்னலாம். கலர் மீன வறுக்க முடியுமா?”

7.20க்குக் குட்டைக்குப் போனோம். எட்டு மணிக்குத் திட்டில் உட்கார்ந்து இட்லி. அபிஷேக் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆழம் எவ்வளவு இருக்குங்க?”

“நீங்க மேலதான சார் மெதக்கப்போறீங்க? கீழ எவ்ளோ இருந்தா இன்னா?”

அதோடு அபிஷேக் இறங்கவில்லை. படகிலேயே உட்கார்ந்து போனில் வீடியோ எடுத்தார். குட்டையில் நடந்ததற்கு இனி நான் எழுதும் நேரமெல்லாம் அந்த வீடியோவிலிருந்து எடுத்தது.

ஏற்பாடு இதுதான். ஒரு லாரி ட்யூப். அதில் கட்டிய கயிற்றின் மறுமுனை கோகுல்நாத்தின் இடுப்பில். அவன் முன்னால் நீந்தி இழுப்பான். லைஃப் ஜாக்கெட், மாஸ்க், வாயில் குழாய். நானும் கார்த்திகாவும் ட்யூபைப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, கீழே பார்த்தபடி போக வேண்டும்.

“தலயத் தூக்காதீங்க. கை கால ஆட்டாதீங்க,” என்றான் டில்லிபாபு. “பொணம் மாரி மெதங்க. மத்தத அவன் பாத்துப்பான்.”

கார்த்திகா சிரித்தார். நானும் சிரித்தேன்.

8.50க்கு முதல் சுற்று. உண்மையைச் சொன்னால், அழகாகத்தான் இருந்தது. பச்சைத் தண்ணீர். வெயில் கம்பி கம்பியாக உள்ளே இறங்கியது. பாறையில் வெட்டிய படிகள், துருப்பிடித்த இரும்புக் கயிறு, அதைச் சுற்றி மீன்கள். அதற்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. கோகுல்நாத் கை வீசும்போதெல்லாம் ட்யூப் ஒரு வெட்டு வெட்டி நகரும். வெட்டு, நிற்கும். வெட்டு, நிற்கும்.

8.58க்குப் படகின் பக்கத்தில் வந்து நின்றோம்.

பிறகு தெரிந்தது: கோகுல்நாத்தின் மாஸ்க் பட்டை அறுந்துவிட்டது. இடுப்பிலிருந்த கயிற்றை அவிழ்த்துவிட்டு, “ரெண்டு நிமிசம், அப்பிடியே இருங்க,” என்று சொல்லிப் படகில் ஏறியிருக்கிறான். எங்கள் காது தண்ணீருக்குள் இருந்தது. எங்களுக்கு எதுவும் கேட்கவில்லை.

9.01. ட்யூப் நகர்ந்தது.

அடுத்த சுற்று என்றுதான் நினைத்தேன்.

ஆனால் வெட்டு இல்லை. ஒரே சீராகப் போனது. தரையில் நடக்கிற ஆள் கயிற்றைப் பிடித்து இழுத்துப் போவது போல... முன்னால் கால் உதைக்கும் சத்தம் இல்லை. நுரை இல்லை. கண்ணை உயர்த்திக் கயிற்றைப் பார்த்தேன். கயிறு முன்னால் போகவில்லை. சாய்வாகக் கீழே போனது. விறைப்பாக. பச்சை கறுப்பாகிற இடம் வரை.

தண்ணீர் சில்லென்று மாறியது.

என் காலில் ஏதோ பட்டது. பாசி என்று நினைத்தேன். பாசி வழுக்கும். இது வழுக்கவில்லை. வலது காலை இடது காலோடு சேர்த்தது. மெதுவாக. அவசரமே இல்லாமல். கட்டை விரல்கள் இரண்டையும் ஒட்டி வைத்தது. சுற்றியது. ஒரு சுற்று... இரண்டு சுற்று... இழுத்து முடிச்சுப் போட்டது.

நான் கத்தினேன். குழாயில் தண்ணீர் போனது. இருமிக்கொண்டே மல்லாக்கத் திரும்பினேன்.

படகு நூறடி பின்னால் இருந்தது.

படகில் கோகுல்நாத் இருந்தான்.

டில்லிபாபுவின் குரல் கேட்டது. வீடியோவிலும் இருக்கிறது. 9.04.

“டேய்... அந்த ட்யூப யார்ரா இழுக்கிறது?”

நான் திரும்பியதும் ட்யூப் நின்றுவிட்டது. கயிறு தொய்ந்தது.

கார்த்திகா நிற்கவில்லை.

அவர் ட்யூபை விட்டிருந்தார். குப்புற மிதந்தபடியே போய்க்கொண்டிருந்தார். இடது கை மட்டும் முன்னால் நீண்டிருந்தது. யாரோ மணிக்கட்டைப் பிடித்திருப்பது போல. மேற்குக் கரையில் தண்ணீர் மட்டத்தில் ஒரு சப்பட்டைப் பாறை. அதை நோக்கி.

“கார்த்திகா!”

குழாயின் நுனி தண்ணீருக்குள் இருந்தது.

காலை உதைத்து நீந்த முடியவில்லை. கால் ஒன்றாக இருந்தது. கையால் மட்டும் அடித்தேன். அவர் ஜாக்கெட் பட்டையைப் பிடித்தேன். இழுத்தேன். எதிரே இன்னொரு இழுப்பு இருந்தது. பலம் அதிகம். ஆனால் கோபம் இல்லை. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. வேலை செய்கிறவனின் இழுப்பு அது.

அவரை மல்லாக்கப் புரட்டினேன்.

அந்தப் பக்கத்து இழுப்பு நின்றது.

உடனே.

மாஸ்க்கைப் பிடுங்கினேன். அவர் வாயிலிருந்து தண்ணீர் கொட்டியது. மூச்சு இல்லை. முதுகில் அடித்தேன். மறுபடி அடித்தேன். ஒரு இருமல் வந்தது. எப்படியோ பாறை மேல் ஏற்றிப் போட்டேன். 9.09.

பாறை வெயிலில் காய்ந்து கிடந்தது. நடுவில் மட்டும் ஓர் ஈரம். ஒரு ஆள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எழுந்த அளவுக்கு. இரண்டு பாதம், பின்னால் சொட்டிய தண்ணீர். ஈரம் புதிதாக இருந்தது.

அவர் காலைப் பார்த்தேன். என் காலைப் பார்த்தேன்.

இரண்டு பேருக்கும் கட்டியிருந்தது. கட்டை விரல்களைச் சேர்த்து. வேட்டியிலிருந்து கிழித்த துணி, ஓரத்தில் பச்சைக் கரை. அப்படி யாருக்குக் கட்டுவார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

படகு வந்து இடித்தது. அபிஷேக் தாவி ஏறினார். கார்த்திகாவைத் தூக்கி அணைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் கத்தினார்.

“இவ என் வொய்ஃப்! என் வொய்ஃபுங்க!”

கார்த்திகாவின் கால் முடிச்சு அவிழ்ந்து விழுந்தது. யாரும் தொடவில்லை.

என்னுடையது அவிழவில்லை. டில்லிபாபு பிளேடால் அறுத்தான். கோகுல்நாத் படகைவிட்டு இறங்கவே இல்லை. “நா கட்டல... நா கட்டல...” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான்.

கரையில் துலுக்கானம் என் கையிலிருந்த துணியை வாங்கிப் பார்த்தார். உடனே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“உத்தமன் கட்டு,” என்றார்.

“யாருண்ணா அது?”

“இந்தச் சுத்து வட்டாரத்துல எந்தக் குட்டைல எவன் வுழுந்தாலும் அவனத்தான் கூப்புடுவாங்க. பொணம் எடுக்கறவன். தண்ணிக்குள்ளயே வெரல கட்டிடுவான். இல்லாட்டி காலு பாறைல மாட்டிக்கும். கட்டி, இட்டாந்து, அந்தச் சப்பட்டக் கல்லு மேல போடுவான்.”

“இப்ப எங்க இருக்காரு?”

துலுக்கானம் தண்ணீரைப் பார்த்தார்.

“கீழதான். ரெண்டு வருஷமா. ஒருத்தன எடுக்க எறங்கினான். அந்தப் பொணம் மறுநா தானா மெதந்துச்சு. இவன் வர்ல. இவன எடுக்கறதுக்குத்தான் ஆளு இல்லியே.”

பிறகு என் பக்கம் திரும்பி, “நீங்க இன்னாத்துக்குப்பா குப்புற மெதந்தீங்க?” என்றார்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

நைட் ஷிஃப்ட் வேலையை விட்டாலும் பகல் தூக்கம் என்னை விடவில்லை. குப்புறப் படுத்துத்தான் தூங்குவேன். திங்கள் காலை 11.20க்கு விழித்தேன். கால் கட்டை விரல்கள் ஒட்டியிருந்தன. கட்டு எதுவும் இல்லை. ஆனால் பிரிக்க முடியவில்லை. மல்லாக்கப் புரண்டதும் பிரிந்தன.

கட்டிலுக்குப் பக்கத்தில், மொசைக் தரையில், ஈரம். இரண்டு பாதம். பின்னால் சொட்டிய தண்ணீர்.

செவ்வாயும் அதே இடத்தில். புதனும். புதனன்று மூச்சுச் சத்தமும் கேட்டது... ஆழத்திலிருந்து மேலே வந்தவன் வாங்குகிற மூச்சு.

வியாழன் மாலை துலுக்கானத்திடம் விலாசம் வாங்கிக்கொண்டு வெள்ளானூர் போனேன்.

தகரக் கதவு போட்ட ஓர் அறை வீடு. உத்தமனின் மனைவி நாகவல்லி அப்போதுதான் கம்பெனி வேலை முடிந்து வந்திருந்தார். சீருடை கூட மாற்றவில்லை. நெற்றியில் பொட்டு இருந்தது. உடல் கிடைக்காததால், காணவில்லை என்றுதான் போலீஸ் எழுதி வைத்திருக்கிறதாம்.

வாசலில் நின்றபடியே நடந்ததைச் சொல்லி, துணியை நீட்டினேன். கரையை விரலால் தடவினார். அழவில்லை.

“அவரு வேட்டிதான். எங்க இட்டாந்து போட்டாரு?”

“சப்பட்டப் பாறையில.”

“கரைல உன்ன யாரு வாங்கினது?”

புரியவில்லை.

“எடுத்தாந்து போட்டா அவரு வேல முடியாது. சொந்தக்காரங்க வந்து ‘எங்க ஆளுதான்’னு சொல்லணும். அதுவரைக்கும் பக்கத்துலயே குந்திகினு இருப்பாரு. ஒருவாட்டி ஒரு வடநாட்டுப் பையனுக்கு ஆளே வர்ல. ஒரு நாள் முச்சூடும் குந்திகினு இருந்தாரு. டீ கூட குடிக்கல.” என்னைப் பார்த்தார். “அந்தப் பொண்ண புருசன் வாங்கிட்டான். உன்ன யாரு வாங்கினது?”

“யாரும் இல்லக்கா.”

“ஊட்ல யாரு கீறாங்க?”

“அண்ணன் இருக்கான். ஆவடியில. பேச்சுவார்த்தை இல்ல.”

“போன் போடு.”

போட்டேன். மணி 6.52. முழுதாக அடித்து நின்றது. மறுபடி போட்டேன். இந்த முறை அவனே துண்டித்தான். அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஆனால் கால் விரல்கள் செருப்புக்குள் ஒன்றையொன்று தேடின. நான் நின்றுகொண்டுதான் இருந்தேன். குப்புறக்கூடப் படுக்கவில்லை.

“அக்கா...”

நாகவல்லி என்னைப் பார்க்கவில்லை. எனக்கு இடது பக்கம், தரைக்கு இரண்டடி மேலே பார்த்துக்கொண்டிருந்தார். குத்துக்காலிட்டு உட்கார்ந்த ஆளின் தலை இருக்கும் உயரம்.

நான் திரும்பவில்லை. கழுத்து திரும்பவில்லை.

“எங்க புள்ளதான்,” என்றார், சத்தமாக. “நான் வாங்கிக்கினேன். உட்டுடு.”

தெருவில் ஒரு பைக் போனது. பிறகு சத்தமே இல்லை.

சொட்... சொட்...

“எய்ந்திரு.”

அவர் பார்வை மெதுவாக உயர்ந்தது. என் இடுப்பு உயரம். தோள் உயரம். என் தலைக்கும் மேலே போய் நின்றது.

என் விரல்கள் பிரிந்தன.

அவர் வாசலைவிட்டு ஒதுங்கி நின்று, கதவை முழுதாகத் திறந்தார். எனக்காக அல்ல. சில்லென்ற ஈரக் காற்று என் கையை உரசிக்கொண்டு உள்ளே போனது. சிமெண்டுத் தரையில் ஒரு பாதம் விழுந்தது. இன்னொன்று.

“காலத் தொடச்சிகினு வா,” என்றார் நாகவல்லி.

கதவைச் சாத்தினார். உள்ளிருந்து தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு பூட்டு.