திருவெறும்பூர் தாண்டிப் பனியில் நின்ற கார்

மார்கழி முடிவதற்குள் கும்பகோணம் பக்கத்துக் கோயில்களைப் பார்த்துவிட வேண்டும் என்று மாமனாருக்கு ஆசை. கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. போன மார்கழியில் ஒரு சனிக்கிழமை காலை 5.10க்கு ஸ்ரீரங்கத்திலிருந்து நானே காரை எடுத்தேன். பனி விலகட்டும் என்று கணவர் சொன்னார். நான் கேட்டால்தானே!

இருபத்திரண்டாவது கிலோமீட்டரில், திருவெறும்பூர் தாண்டி, 6.05க்கு இன்ஜின் அடங்கிவிட்டது. கார் பாதி தாரிலும் பாதி மண்ணிலுமாக நின்றது. நான்கு இண்டிகேட்டர்களையும் போட்டேன். எச்சரிக்கைக்கு ரோட்டில் வைக்கும் சிவப்பு முக்கோணம் வாங்கி வைக்கவில்லை, தப்புதான். லாரிக்காரர்கள் செய்வதுபோல ஒரு கருவேலங்கிளையை ஒடித்து, அறுபது தப்படி பின்னால் போய்ச் சாலையில் போட்டேன்.

திரும்பினால் காரைக் காணோம். இண்டிகேட்டர் வெளிச்சம்கூட இல்லை. லாரிச் சத்தம் பக்கத்தில் வந்து போகிறது, லாரி தெரியவில்லை. பின் சீட்டில் மாமனார் பாராயணம் சொல்லும் குரலை வைத்துத்தான் காரைக் கண்டுபிடித்தேன். நடந்து வந்த எனக்கே தெரியாத கார், வேகமாக வருகிறவனுக்கு எப்படித் தெரியும்?

"அப்பா, இறங்குங்கோ."

"பாதியில எழுந்துக்கப்படாதும்மா. பத்து நிமிஷம் இரு."

கல்யாணமாகிப் பதினொரு வருஷத்தில் முதல்முறையாக அவரை அதட்டினேன். "எழுந்திருங்கோன்னா எழுந்திருங்கோ!" கையைப் பிடித்து இழுத்தே விட்டேன். செருப்புகூடப் போடாமல், பாராயணத்தையும் விடாமல் வந்தார். சாலையோர இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம், காரைவிட்டுத் தள்ளி நின்றோம்.

கிளை நொறுங்கும் சத்தம் கேட்டது. பிரேக் அலறியது. பிறகு ஒரு இடி. லாரி காரின் பின்பாதியை நசுக்கிவிட்டது.

டிரைவர் ஓடிவந்து செல்போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தார். ஒரு ஜோடி செருப்பு கிடந்தது, ஆளில்லை. பனிக்குள்ளிருந்து பாராயணம் மட்டும் கேட்டது. மனிதர் அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணே, ரோட்டுல உட்காராதீங்க. இந்தப் பக்கம் வாங்க" என்று கூப்பிட்டேன்.

"நான் வரலம்மா. தெரியாம நடந்துபோச்சு, என்னை விட்டுருங்க" என்று பனியைப் பார்த்துக் கும்பிட்டார். செத்தவர்கள் கூப்பிடுவதாக நினைத்திருக்கிறார்.

மாமனார் பாராயணத்தை நிறுத்தி, தடுப்பை ஒட்டியே அவர் பக்கத்தில் போய், அதற்கு மேலே கையை நீட்டினார். அதைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் டிரைவர் அழுதார்.

போலீஸ் வந்து எழுதிப் போனதும் அரியமங்கலம் ஒர்க்‌ஷாப்புக்கு இழுவை வண்டி 2,800 ரூபாய். பனியில் கிளம்பாதீர்கள். வண்டி நின்றால் முதலில் ஆட்களை இறக்குங்கள், கிளையெல்லாம் அப்புறம். மாட்டேன் என்கிறவர்களை இழுத்துவிட்டு, பிறகு மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம். நானும் கேட்டேன். மாமனார் என் தலைமேல் கையை வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பாராயணத்தைத் தொடர்ந்தார்.