மதிப்பில்லை என்று முடிவு கட்டுவது

தெமோதரையில் ஒரு தொழிற்சாலையில் தேயிலை சலிக்கும் அறையைக் கூட்டுகிறேன். கொழுந்தின் பூனைமயிர் உதிர்ந்து, பஞ்சு மாதிரி கூரைக் கம்பிகளில் தொங்கும். அதை இறக்கிச் சாக்கில் அள்ளுவேன். இயந்திரச் சத்தத்தில் யாரோடும் பேச வேண்டியதில்லை. அது எனக்கு வசதி.

மனைவி குவைத்தில் வீட்டு வேலைக்குப் போய் ஆறு வருடம். தோட்டத்து லய வீட்டில் நான் ஒருவன்தான். வெள்ளிக்கிழமைகளில் அவள் போன் எடுத்துப் பேசுவாள். “என்ன விசேஷம்?” என்பாள். “ஒன்னுமில்ல” என்பேன். போன மாதம் ஒருநாள், “இன்னும் ரெண்டு வருஷம் இருக்கச் சொல்றாங்க. அடுத்த வெள்ளிக்குள்ள பதில் சொல்லணும். நீங்க என்ன சொல்றீங்க?” என்றாள்.

“ஒன் இஷ்டம்” என்றேன். வந்துவிடு என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. எனக்காகவா ஒருத்தி வேலையை விட்டு வருவாள்?

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை போனுக்குக் காசு ரீலோட் போட பதுளைக்குப் போனேன். கடைக்காரரை அண்ணன் முறையில் நானா என்போம்; அவருக்கு ஆங்கிலச் சொற்களில் பைத்தியம். என்னைக் கண்டதும் ஒன்றை எடுத்து விட்டார்.

“ஃப்ளாக்சிநாசிநிஹிலிபிலிஃபிகேஷன்.”

“என்ன நானா, ரயில் மாதிரி போகுது?”

“ரயில்தான். அந்தக் காலத்து இங்கிலாந்துப் பள்ளிக்கூடத்துல லத்தீன் இலக்கணம் படிச்சவங்க, ஒன்னுக்கும் ஒதவாததுக்குச் சொல்ற நாலு சொல்ல வெளையாட்டா கோத்து வச்சிருக்காங்க. கம்பளிப் பிசிறு, அற்பம், ஒன்னுமில்ல, அப்புறம்…” குரலைத் தாழ்த்தினார். “ஒரு முடி. கோவம் வந்தா நம்மாளுகளும் அதத்தானே சொல்றாங்க.”

பிசிறு என்றதும் என் சாக்குதான் கண்ணில் வந்தது. “அப்ப குப்பைக்குப் பேரா?”

“இல்ல. ஒன்னப் பாத்து, இது எதுக்கும் ஆகாதுன்னு முடிவு கட்டுறோமே, அந்தச் செய்கைக்குப் பேரு. சாமான் நல்லதாவும் இருக்கலாம்.”

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அவள் என்னைக் கேட்டாள். அவளுக்கு என் பதில் வேண்டியிருந்தது. என் விருப்பம் ஒன்றும் பெறாது என்று தீர்த்தது நான்தான்.

வெள்ளி வரை பொறுக்கவில்லை. அன்றைக்கே நானாக அவளுக்குப் போன் எடுத்தேன்.

“என்னங்க, யாருக்கு என்ன?” என்று பதறினாள்.

“யாருக்கும் ஒன்னுமில்ல. நீ வந்துரு. ஒத்தையில இருக்க முடியல.”

 

“இதச் சொல்ல ஆறு வருஷமா?” என்றாள். “சரி, கையெழுத்துப் போடல. ஆனா இருக்கிற அக்ரிமென்ட் தவண முடிய மூணு மாசம் ஆகும். அதுவரைக்கும் தெனம் நீங்கதான் போன் எடுக்கணும்.”

“தெனமுமா? என்னத்தப் பேசுறது?”

“அது ஒங்க பாடு” என்று வைத்துவிட்டாள்.