படுக்கை வண்டிக்கு லைசென்ஸ்

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த மறுவருடம், கப்பலேறி ஊருக்குப் போன தோட்டத்துத் துரை ஒருவரிடம் ஒரு வண்டி வாங்கினேன். பழைய பட்டாளத்து ஆம்புலன்ஸ் அது. உள்ளே கட்டில், அடுப்பு, சன்னலுக்குப் பூப்போட்ட திரை எல்லாம் வைத்து மனுஷன் வீடாகவே ஆக்கியிருந்தார். எங்கள் காஜா பேராங் கிராமத்தில் என்னைப் பைத்தியம் என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். என் மனைவிக்கு முதுகில் அடிபட்டதிலிருந்து உட்கார முடியாது, எல்லாம் படுத்தபடிதான். பஸ், ரயில் எதுவும் ஆகாது. வடக்கே தூரத்தில், தைப்பிங் ஊரில் இருந்த அவள் அம்மாவுக்கோ கண் மங்கிக்கொண்டே வந்தது. 'பார்வை இருக்கிறப்பவே உன் முகத்தை ஒருதடவை பார்த்துடணும்' என்று யாரையோ விட்டுக் கடிதம் எழுதியிருந்தார்.

வண்டி வாசலில் வந்து நின்ற பிறகுதான், என் கார் லைசென்ஸ் அதற்குச் செல்லாது என்று தெரிந்தது. அந்த எடைக்கு லாரி லைசென்ஸ் வேண்டுமாம், தனிப் பரீட்சையாம். பக்கத்து வீட்டுச் செட்டிக்காரர் லாரி டிரைவர். பல தலைமுறையாக இங்கேயே வேரூன்றிய தமிழ் வம்சம், ஆனால் வீட்டில் பேசுவதெல்லாம் மலாய்தான். "என்கிட்ட லைசென்ஸ் இருக்கு. ஞாயிற்றுக்கிழமையே நான் ஓட்டிட்டு வரேன்" என்று மலாயில் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

"என் பெண்டாட்டியை அவ அம்மாகிட்ட நான்தான் கொண்டுபோவேன்" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டேன். உள்ளே படுத்திருந்தவளுக்கு எல்லாம் கேட்டது.

பரீட்சை நாளில் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. ரிவர்ஸ் எடுத்தேன், மேட்டில் நிறுத்தி எடுத்தேன். திரும்பும் வழியில் மாரியம்மன் கோயில் வந்தது. எங்கள் பக்கத்தில் அந்தக் கோயிலைத் தாண்டும்போது கும்பிடாமல் போகிறவன் எவன்? சைக்கிளில் போகிறவன்கூடக் கையைத் தூக்குவான். நானும் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டேன். கண்ணையும் மூடியிருப்பேன் போல.

"தாங்ஙான்! தாங்ஙான்!" கை, கை என்று மலாயில் கத்தினார் பக்கத்தில் இருந்த, பரீட்சை எடுக்கும் மலாய் அதிகாரி. வண்டி சாக்கடை ஓரம் வரை போய்விட்டது. என் கையைப் பிடித்து ஸ்டியரிங்கில் வைத்துவிட்டுத்தான் அவர் மூச்சுவிட்டார். "கோயில் எங்கேயும் ஓடாது என்சேக், லோரிதான் ஓடும்" என்று மரியாதையாகவே சொல்லி, தாளில் கோடு போட்டார். இன்னும் இரண்டு மாதம் கழித்து வரச் சொன்னார்.

அந்த இரண்டு மாதமும் எப்படிப் போனதென்று இப்போது நினைத்தால் எல்லாம் கனவு மாதிரி இருக்கிறது. மத்தியானங்களில் அவளைத் தூக்கிவந்து வண்டிக் கட்டிலில் படுக்கவைப்பேன். வாசலை விட்டு அசையாத வண்டியில் நாங்கள் ஊர் ஊராகப் போனோம். மழை தகரக்கூரையில் பெய்தால் "மலை ஏறுறோமா?" என்பாள். திரை காற்றில் ஆடினால் "ஆத்துப் பாலம் வந்துடுச்சு" என்பேன். அரைத்தூக்கத்தில் அவள் தைப்பிங் ஏரிக்கரை மரங்களை ஒவ்வொன்றாகச் சொல்லுவாள். அந்த மயக்கம் எனக்குப் பிடித்திருந்தது. செட்டிக்காரர் தினமும் வாசலைத் தாண்டிப் போனார். கூப்பிட்டிருந்தால் மறுநாளே கிளம்பியிருக்கலாம். பாழாய்ப்போன ரோஷம், கூப்பிடவில்லை.

இரண்டாம் முறை கோயில் வந்தபோது ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாயாலேயே வேண்டிக்கொண்டேன். அதிகாரி சிரித்துவிட்டார். லைசென்ஸ் கிடைத்தது.

மறுநாள் விடிகாலையில் கிளம்பி, வழியில் ஒரு ராத்திரி தங்கி, தைப்பிங் போய்ச் சேர்ந்தோம். அவள் அம்மாவின் வீட்டுக்கு உயரமான படிகள். இவளைத் தூக்கிக்கொண்டு ஏற முடியாது. மைத்துனன் அம்மாவைக் கைபிடித்து இறக்கிக் கூட்டிவந்தான். என் காதில் மெதுவாக, "போன மாசம் வரைக்கும் ஆள் தெரிஞ்சுது மச்சான்" என்றான். அவன் குறையாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது.

அம்மா தட்டுத்தடுமாறி வண்டியில் ஏறிக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். தலையணைக்கு மேலே ஆடிக்கொண்டிருந்த திரையைப் பார்த்து, "எப்படி இளைச்சுப் போயிட்டடி! நல்லாத் தெரியுது எனக்கு" என்றார்.

என் மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு, முதுகு வலிக்க வலிக்க, அம்மாவின் கண் பார்த்துக்கொண்டிருந்த இடத்துக்குத் தன் முகத்தை நகர்த்திக்கொண்டு போனாள்.