பாடகன் போன பிறகு தனியே அடித்த ட்ரம்ஸ்

ட்ரம்ஸ் அடிக்கிறவனுக்கு மேடையின் பின்பக்கம்தான் சீவியம். பாடுகிறவனுக்குக் கைதட்டல், வியர்வை நமக்கு. யாருக்கோ பின்னால் உட்கார்ந்து உழைத்துத் தேய்ந்தவர்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்கள்தான். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் பேண்டைத் தெரியாத கல்யாண வீடு கல்முனைப் பக்கம் கிடையாது. பிறகு பாடகன் றவூப் டிரைவர் வேலைக்குச் சவூதி போனான். கிட்டார்க்காரன் ரேடியோ திருத்தும் கடை போட்டான். ட்ரம்ஸ் செட்டோடு நான் மிஞ்சினேன். தனியாக அடித்தே பெயர் எடுத்துக் காட்டுகிறேன் என்று வீறாப்பாகச் சொல்லித் திரிந்தேன்.

முதல் தனிக் கச்சேரி

பாலமுனையில் ஒரு கல்யாண வீடு. மைக் கட்டி, வெள்ளைச் சட்டை போட்டு, மேடையில் நான் ஒருவன் மட்டும் ஏறினேன். மெதுவாகத் தொடங்கி, வேகம் கூட்டி, கை ஓயும்வரை அடித்தேன். பந்தலில் இருந்தவர்கள் மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் எழும்பவில்லை, ஒருவரும் தட்டவுமில்லை. எனக்கு ஒரே சந்தோஷம், சபை சொக்கிப்போய்விட்டது என்று.

அடித்து முடித்துத் தலையைக் குனிந்து நின்றேன். மாப்பிள்ளையின் பெரிய வாப்பா மேடைக்குக் கிட்ட வந்து, தோளைத் தட்டிச் சொன்னார்: "தம்பி, சாமானெல்லாம் நல்லா வேல செய்யிது. இனி ஆக்களக் கூப்பிட்டுக் கச்சேரியத் தொடங்குங்க."

மாமியின் மண்டபம்

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். வீடு பெண்ணின் பெயரில்தான் இருக்கும். சுவரில் ஒரு ஆணி அடிப்பதென்றாலும் மாமியைக் கேட்கவேண்டும். நான் போன வீட்டில் வாசலை ஒட்டிய கூடத்தைத்தான் மண்டபம் என்பார்கள், அதில் பாதியை என் ட்ரம்ஸ் செட் பிடித்துக்கொண்டது. விருந்தாளிகள் வந்தால் மாமி அதன்மேல் பழைய சீலை ஒன்றைப் போர்த்திவிடுவார். மூடிக் கிடப்பது என்ன என்று கேட்பவர்களுக்கு, "மருமகன்ட சாமான்" என்பார். அதற்குமேல் பேச்சு வளராது.

மூன்று கல்யாண வீடுகள் என்னை வேண்டாம் என்ற பிறகு மாமி கதவுக்குப் பின்னால் நின்றபடி தீர்ப்புச் சொன்னார். அந்தச் சாமான் சோறு போட்டால் இருக்கலாம், இல்லாவிட்டால் மண்டபத்தை விட்டுப் போகவேண்டும். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். மாமி விடவில்லை: "நாங்க மாப்பிள்ளதான் எடுத்த, மருமகன். பேண்ட் எடுக்கல்ல."

றவூப் கொண்டுவந்த பெட்டி

றவூப் விடுமுறையில் வருகிறான் என்று கேள்விப்பட்டு ட்ரம்ஸையெல்லாம் துடைத்து வைத்தேன். இரண்டு பேரும் சேர்ந்தால் பேண்டை மறுபடி எழுப்பிவிடலாம், மாமியின் வாயையும் அடைத்துவிடலாம். அந்த நம்பிக்கையில்தான் அத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

வந்ததும் றவூப் என்னைக் கட்டிப்பிடித்தான், அத்தர் தந்தான். பிறகு புதுக் கீபோட் ஒன்றை எடுத்து மேசையில் வைத்து ஒரு பொத்தானை அமத்தினான். ட்ரம்ஸ் சத்தம் தானாக வந்தது. பிசகவில்லை, களைக்கவில்லை, தேத்தண்ணி கேட்கவில்லை. நான் அந்தப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தேன். றவூப் சிரித்தான்: "பாத்தியா மச்சான், ஒன்னயும் இதுக்குள்ள வெச்சி அனுப்பிரிக்கானுகள்."

ஒரு பின்னேரப் பழக்கம்

பிறகு சண்டை வந்து ஊர் நிலைமை கெட்டது, எந்நேரமும் துப்பாக்கிச் சத்தம். கல்யாணங்களைப் பகலிலேயே சுருக்கமாக முடித்தார்கள். கை மறந்துபோகுமோ என்ற பயத்தில் ஒரு பின்னேரம் சின்ன ட்ரம்மில் கொஞ்சம் வேகமாக உருட்டினேன். நிமிர்ந்து பார்த்தால் தெருவில் ஒரு கதவும் திறந்திருக்கவில்லை. மூலைக் கடைக்காரர் பலகை போட்டுவிட்டு ஓடியிருந்தார்.

வெகுநேரம் கழித்து, நான் காக்கா என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு அண்ணன் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். முகத்தில் இரத்தம் இல்லை. கோபப்படவும் அவருக்குத் தெம்பில்லை. "தம்பி, இனி அடிக்கிறெண்டா முந்திச் சொல்லிப்போட்டு அடிங்க. வாப்பா கட்டிலுக்குக் கீழ பூந்தவர், இன்னம் வெளிய வாறாரில்ல."

வரிப்பத்தான்சேனை வேளாண்மை

இந்தக் கதை ஊரெல்லாம் பரவி வரிப்பத்தான்சேனையில் நிறையக் காணி உள்ள ஒரு போடியாரின் காதுக்கும் போனது. நெல் பால் பிடித்திருந்தது, குருவிகள் கூட்டமாக இறங்கின. சீனவெடி கொளுத்தி விரட்ட முடியாத காலம் அது. பெரிய ட்ரம்மையும் தாளத்தட்டையும் மட்டும் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். கூலி நெல்தான். மாமி முதல்தடவையாகச் சோறு கட்டித் தந்தார்.

வரம்பில் நின்று அடித்தேன். குருவிகள் கலைந்து பறந்தன. போடியாருக்கு நல்ல திருப்தி. ஒரு கிழமை போனது. நான் அடிக்க அடிக்க அவை மரத்தில் வந்து குந்தின, பிறகு தாளத்தட்டுச் சத்தத்துக்கு நடுவிலேயே இறங்கிக் கதிரைக் கொத்தின. நான் வெறிபிடித்தவன்போல அடித்தேன். ஒரு குருவிகூட அசையவில்லை. போடியார் குடையைப் பிடித்தபடி கிட்ட வந்தார். "மனே, குருவிக்கு ஒங்கட அடி புடிச்சிப் போச்சி. நாளைக்கு வராதீங்க."

பெரிய ட்ரம்மை அங்கேயே வயல்வாடிக் குடிசையில் விட்டுவிட்டு பஸ் ஏறினேன். வீட்டுக்குக் கொண்டுபோய் வைக்க எனக்கு இடமில்லை.

இத்தனை வருஷத்தில் என் தனி அடியை விரும்பி இருந்து கேட்டது அந்தக் குருவிக்கூட்டம் மட்டும்தான், எனக்கு வேலை போனதும் அதனால்தான்.