கருகிய புளியங்கொட்டை

தொண்ணூறுகளின் கல்கத்தாவில் குப்பைக்கு மரியாதை கொடுத்த வீடு எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். அப்பாவின் தங்கை டாக்குரியாவில் எங்களோடு தங்கி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். தோல் பதனிடும் கூடங்கள் வெளியே விடும் தண்ணீரில் குரோமியம் கலந்து நஞ்சாகிவிடுகிறதாம். அதைப் புளியங்கொட்டையின் தோலைக் கொண்டே உறிஞ்சி எடுத்துவிடலாம் என்பது அத்தையின் பிடிவாதம்.

ஊரிலிருந்து கொட்டையெடுக்காத புளி வரவழைக்கும் தமிழ்க் குடும்பங்களிலெல்லாம் சொல்லிவைத்தாள். லேக் கார்டன்ஸ் மாமிகளுக்கோ, கல்யாணமாகாத பெண்ணிடம் வெறும் குப்பையைக் கொடுத்தனுப்ப மனம் வரவில்லை. கூடவே வெற்றிலைபாக்கு, மஞ்சள், பூ என்று வைத்துக் கொடுத்தார்கள்.

அப்பாவுக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. திருச்சியில் மாப்பிள்ளை பார்த்தாயிற்று. துர்கா பூஜை லீவுக்குள் ஆராய்ச்சி ஒரு வழிக்கு வராவிட்டால் படிப்பை நிறுத்திவிட்டுத் தை மாதம் கல்யாணம் என்று சொல்லிவிட்டார். அத்தையும் வேறு வழியில்லாமல் தலையாட்டியிருந்தாள். பரிசோதனையிலோ குரோமியம் கலந்த மஞ்சள் தண்ணீர் தெளியவில்லை; கொட்டைத் தோலின் சாயம் இறங்கிச் சிவந்ததுதான் மிச்சம். எனக்கு உள்ளூரக் கொண்டாட்டம். கல்யாணமென்றால் ரயில் பயணம், புதுப் பட்டுப்பாவாடை!

லேசாக வறுத்தால் தோல் சுலபமாக உரியும். கடைசிப் பைக் கொட்டையை அம்மா வாணலியில் போட்ட நேரம் பார்த்து எதிர்வீட்டு வங்காளிப் பெண்மணி, எங்கள் எல்லோருக்கும் பௌதி, அதாவது வங்காளியில் அண்ணி, பூஜைக்கு வாங்கிய புடவையோடு வாசலில் வந்து நின்றாள். புடவைப் பேச்சு என்றைக்குச் சீக்கிரம் முடிந்திருக்கிறது? புகை வந்த பிறகுதான் அம்மா உள்ளே ஓடினாள். தோலெல்லாம் கரி.

"ஐயோ, தீய விட்டுட்டேனே!"

அத்தைக்கும் கண் நிறைந்துவிட்டது. "விடுங்க அண்ணி. வேற கொட்டைக்கு எங்க போறது? இதையே போட்டுப் பாக்குறேன்," என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே கரியை டப்பாவில் அள்ளிக்கொண்டு போனாள்.

மறுநாள் மாலை மாடிப்படியிலேயே அவள் குரல் கேட்டது. "அண்ணி! மஞ்சத் தண்ணி வெளுத்துடுச்சு! சாயமே இறங்கல!"

சோதித்துப் பார்த்ததில் குரோமியமும் வெகுவாகக் குறைந்திருந்ததாம். இன்னும் பலமுறை செய்து பார்க்கவேண்டும், ஆனால் வழி தெரிந்துவிட்டது என்றாள். அப்பா பேப்பரை மடிப்பதும் பிரிப்பதுமாகக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு, "திருச்சிக்கு நான் பேசிக்கிறேன். நீ படிப்ப முடி," என்றார்.

என் பட்டுப்பாவாடை போயிற்று. காலை உதைத்துக்கொண்டு அழுதேன். அம்மா என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. அத்தையைக் கட்டிக்கொண்டு சிரித்தாள், அப்படியே அழவும் ஆரம்பித்துவிட்டாள். அடிப்பிடித்த வாணலியைத் தேய்க்கும்போதும் அந்த அழுகை நிற்கவில்லை. கல்யாணம் நின்றுபோனதில் அவளுக்கும் என்னைப்போலவே வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன். பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷத்தில் கல்லூரியிலிருந்து நிறுத்தித்தான் அம்மாவுக்குக் கல்யாணம் செய்துவைத்தார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.